எரிபொருளை அளந்து கொடுங்கள், வடிவத்தை விட்டுவிடுங்கள்

லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் பெரும்பாலும் மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டியே வருகிறது. பிரான்சில் மாலை 4 மணிக்குக் கொடி அசைந்தால் நமக்கு இரவு 7.30. ஆற்றுத் தண்ணீர் நீடாமங்கலம் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் வரை, மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துக் குறுவை நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்ச மோட்டார் கொட்டகையில் விழித்திருக்கும் எனக்கு, பல ஆண்டுகளாகக் கைப்பேசியில் துணை அந்தப் பந்தயம்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததிலிருந்து, ஊரில் பலரும் இந்தக் கார்களைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்தக் கார்களின் மேல் எனக்குப் பற்று வந்ததற்குக் காரணம் ஒரு பூச்சிக் கதை. 1969-இல் வந்த போர்ஷே 917 அதிவேகத்தில் நிலைகொள்ளாமல் தள்ளாடியது. அந்த அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக்கில் சோதனை ஓட்டம் நடந்தபோது, ஜான் ஹார்ஸ்மன் என்ற பொறியாளர் காரில் மோதிச் செத்த பூச்சிகளைக் கவனித்தார். முன்பக்கம் முழுவதும் பூச்சிக் கறை. வால் பகுதியில் ஏறக்குறைய எதுவும் இல்லை. அப்படியென்றால் காற்று வாலைத் தொடாமலே மேலே போகிறது, பின் சக்கரங்களை அழுத்த எதுவும் இல்லை. அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டிப் பொருத்தி வாலை மேல்நோக்கி உயர்த்தினார்கள், கார் அடங்கியது. அப்படிப் பிறந்த 917கே 1970-இல் போர்ஷேவுக்கு லெ மானின் முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்தது. இரவில் வயலோரச் சாலையில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, முகப்பு விளக்கில் அப்பிய பூச்சியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

1982-இல் வந்த குரூப் சி விதிதான் என்னைப் பொறுத்தவரை இந்த விளையாட்டின் பொற்காலம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 600 லிட்டர் என்று எரிபொருளை அளந்து கொடுத்துவிட்டு, என்ஜினை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். போர்ஷே 956 சிறிய டர்போ என்ஜினோடு, அடிப்பாகத்தில் ஓடும் காற்றாலேயே காரைத் தரையோடு இழுத்துப் பிடித்தது. 1988-இல் ஜாகுவார் 7 லிட்டர் வி12 என்ஜினோடு வென்றது; 1989-இல் மெர்சிடிஸின் டர்போ வி8; 1991-இல் மாஸ்டாவின், பிஸ்டனே இல்லாத ரோட்டரி என்ஜின். அணையில் நீர் குறைந்தால் எங்களுக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். அதைக் கொண்டு நெல் நடுவதா உளுந்து விதைப்பதா என்பது அவரவர் பாடு. களத்தில் மூட்டையை எண்ணி, கூடுதலாகக் கண்டவனுக்கு அடுத்த போகத்தில் மடையைக் குறுக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

லெ மானின் உச்சப் பிரிவான இன்றைய ஹைப்பர்கார் பிரிவில் நடப்பது அதுதான். 2021 முதல் குறைந்தபட்ச எடை 1,030 கிலோ, உச்ச சக்தி ஏறத்தாழ 500 கிலோவாட் என்று வரம்பு கட்டி, காற்றின் அழுத்தமும் எதிர்ப்பும் எவ்வளவு இருக்கலாம் என்பதையும் காற்றுச் சுரங்கத்தில் அளந்து முத்திரை வைக்கிறார்கள். அதற்கு மேலும் 'பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபாமன்ஸ்' என்ற சமன் விதியால், வேகமான காருக்கு எடையைக் கூட்டுகிறார்கள், சக்தியைக் குறைக்கிறார்கள். இதனால் செலவு கட்டுக்குள் வந்து நிறுவனங்கள் திரண்டு வந்தன என்பதையும், உச்சப் பிரிவுக்கு 50 ஆண்டுகள் கழித்துத் திரும்பிய ஃபெராரி 2023-இல் வென்றது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 2022-இல் பின்னிறக்கையே இல்லாமல் களமிறங்கிய பெஜோ 9எக்ஸ்8, ஒரு வெற்றியும் காணாமல், 2024-இல் எல்லோரையும் போல இறக்கை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு மனம் கனத்தது. புதிய வடிவத்தைக் கண்டுபிடிப்பதால் கிடைக்கும் ஆதாயத்தை விதியே பறித்துவிட்டால், யார்தான் துணிவார்கள்?

உயிர் காக்கும் விதிகளை நான் எதிர்க்கவில்லை. வைக்கோல் லோடு ஏற்றிய வண்டியின் தார்ப்பாய் முன்முனையில் ஒரு சாண் அவிழ்ந்தாலும், அந்த வாய் வழியே காற்று புகுந்து பாய் முழுவதையும் புடைத்துத் தூக்குவதைத் தஞ்சாவூர்ச் சாலையில் பார்த்திருப்பீர்கள். 1999-இல் முன்மூக்கு நீண்டிருந்த மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்களுக்கு லெ மானில் நேர்ந்ததும் அதுதான். மூன்று முறை அந்தக் கார்கள் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டன. பின்னாளில் என்ஜின் மூடியின் மேல் வந்த சுறாத் துடுப்பு போன்ற தகடும், சக்கர வளைவுகளின் மேல் வந்த துளைகளும் அப்படிப்பட்ட விபத்துகளின் பாடங்கள். அவை இருக்கட்டும்.

ஜிடி கார்களின் நிலை வேறு. அவற்றின் உடல் கடையில் விற்கும் காரிலிருந்து வருவது. ஒன்றுக்கு என்ஜின் முன்னே, இன்னொன்றுக்கு நடுவே, போர்ஷே 911-க்குப் பின் அச்சுக்கும் பின்னால். 2017-இல் 911 ஆர்எஸ்ஆர் பந்தயக் காரில், அடிப்பாகக் காற்றைப் பின்னால் விரித்து வெளியேற்றும் டிஃப்யூசருக்கு இடம் வேண்டி அந்த என்ஜினையே அச்சுக்கு முன்னால் மாற்றினார்கள். அப்போதே சாலைக் காரோடு அதன் உறவு பாதி அறுந்துவிட்டது. ஆகவே 2024 முதல் லெ மானில் ஜிடி கார்களுக்கு எல்எம்ஜிடி3 என்ற பிரிவு வந்ததையும், அங்கே சமன் விதி இருப்பதையும் நான் ஏற்கிறேன்.

உச்சப் பிரிவில் மட்டும் அது வேண்டாம். 2014-இல் ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆற்றல் என்று வரம்பு வைத்தபோது போர்ஷே வி4, ஆடி டீசல் வி6, டொயோட்டா வி8 என்று மூன்று விடைகள் வந்தன. செலவு எல்லை மீறியதும், ஆடி 2016-லும் போர்ஷே 2017-லும் விலகியதும் உண்மைதான். செலவுக்குத் தனியாக ஓர் உச்சவரம்பு வைக்கட்டும்; காரின் வாலை எப்படி வளைப்பது என்பதை, பூச்சிக் கறையைப் பார்க்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடட்டும்.