ஜெர்ரி மாதிரி இல்லையாம்!

அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் பாட்டு ஒன்றை நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் போடுவதற்கே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. பாட்டு பாதி போவதற்குள் ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "இது மேயர் வாசிக்கிறதா? இதே இடத்துல ஜெர்ரி என்ன பண்ணுவார் தெரியுமா?" அடுத்தவர், "மேயரை விடுங்க, ஃபர்தர்ல கட்லெசிக் வாசிச்சதைக் கேட்டிருக்கீங்களா?" என்பார். மூன்றாமவருக்கு இந்த இருவர் மீதும் கோபம். அவரைப் பொறுத்தவரை 1977-க்குப் பிறகு வந்த எதுவும் கணக்கிலேயே வராது. ஜெர்ரி என்றால் குழுவின் கிட்டார்காரர், பாடகர் ஜெர்ரி கார்சியா; மேயரும் கட்லெசிக்கும் அவர் மறைந்த பிறகு அவர் இடத்தில் வாசித்தவர்கள். மூன்று பேரும் கத்தி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். அதில் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1965-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கி, முப்பது வருடம் ஓடி, 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்த குழு இது. ஒரு பாட்டை இன்றைக்கு வாசித்த மாதிரி நாளைக்கு வாசிக்க மாட்டார்கள். ஒரு ராத்திரியை இன்னொரு ராத்திரியோடு வைத்துப் பார்ப்பதுதான் இவர்களைக் கேட்பதில் பாதி சுகமே. அப்படிக் கேட்டுப் பேசுகிறவர்களோடு விடிய விடிய உட்கார நான் தயார். தீர்ப்பை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அதற்கப்புறம் பாட்டைக் கேட்க வருகிறார்களே, அவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கட்லெசிக்கையே எடுத்துக்கொள்வோம். ஜெர்ரி கார்சியா இறந்தது 1995 ஆகஸ்ட் 9. அதற்குப் பிறகு அவர் நின்ற இடத்தில் ஸ்டீவ் கிமாக், மார்க் கேரன், ஜிம்மி ஹெரிங், வாரன் ஹெய்ன்ஸ் என்று பலர் நின்று பார்த்தார்கள். 2009-ல் டெட்டின் பழைய ஆட்களான பாப் வியரும் ஃபில் லெஷும் ஃபர்தர் என்ற குழுவைத் தொடங்கியபோது ஜான் கட்லெசிக்கைக் கூட்டி வந்தார்கள். அவர் டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ராவில் இருந்தவர். டெட்டின் பழைய கச்சேரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே பாட்டு வரிசையில், அந்தக் காலகட்டத்து வாசிப்பு முறையிலேயே மேடையில் மறுபடி வாசிப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. அதனால் கட்லெசிக்கின் கிட்டார் ஒலியும் குரலும் கார்சியாவுக்கு மிகப் பக்கத்தில் இருந்தன. ரசிகர்கள் என்ன சொன்னார்கள்? "காப்பி அடிக்கிறான், சொந்தச் சரக்கு இல்ல." சரி. 2015-ல் வியர் முதலானோர் தொடங்கிய டெட் அண்ட் கம்பெனி குழுவுக்கு ஜான் மேயர் வந்தார். ப்ளூஸில் ஊறியவர், தனக்கென்று ஒரு ஒலி உள்ளவர். அதைக் கொண்டுவந்து வாசித்தார். இப்போது என்ன சொல்கிறார்கள்? "ஜெர்ரி மாதிரி இல்லையே!" இதற்கு நடுவில், அதே 2015-ல், ஐம்பதாம் ஆண்டுக்காக சான்டா கிளாராவிலும் சிகாகோவிலும் நடந்த ஐந்து கச்சேரிகளில் ட்ரே அனஸ்டாசியோ வாசித்தார். அவரிடம் ஃபிஷ் குழுவின் வாடை அடிக்கிறதாம். ஃபிஷ் குழுவின் கிட்டார்காரரிடம் வேறு எந்த வாடை அடிக்கும்?

ஜெர்ரி மாதிரி வாசித்தால் காப்பி. வாசிக்காவிட்டால் துரோகம். இந்தத் தேர்வில் எந்த மனிதன்தான் தேற முடியும்? இவர்களுக்கு வேண்டியது கார்சியா உயிரோடு திரும்பி வருவது. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துக்கத்தை, மேடையில் நிற்கிறவனின் குற்றமாக எழுதி வைப்பது அநியாயம்.

அப்புறம், ஜெர்ரி மாதிரி என்றால் எந்த ஜெர்ரி? 1969-ல் காதைக் கிழிக்கும் சத்தத்தில் அலைந்து திரிந்த ஜெர்ரியா? 1977-ல் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தீட்டித் தீட்டி வைத்த ஜெர்ரியா? 1986 ஜூலையில் சர்க்கரை நோய் முற்றி கோமாவில் விழுந்து, பிழைத்து எழுந்து, நண்பர் மெர்ல் சாண்டர்ஸ் பக்கத்திலிருந்து உதவ கிட்டாரை மறுபடி பழகி, அதே டிசம்பரில் ஓக்லண்டில் மேடையேறினாரே, அந்த ஜெர்ரியா? அவரே ஒரே ஜெர்ரியாக இருந்ததில்லை. இன்னொருவன் மட்டும் இருக்க வேண்டுமாம்.

கீபோர்டு பக்கம் போனால் இன்னும் வயிறு எரிகிறது. கீத் காட்ஷோ விலகிய பிறகு 1979 ஏப்ரலில் பிரெண்ட் மிட்லண்ட் வந்தார். பதினோரு வருடம் வாசித்தார். பதினோரு வருடமும் ரசிகர்களில் ஒரு பகுதிக்கு அவர் 'புதுப் பையன்'தான்! குழுவில் தொடக்கக் கால ஆர்கன்காரரும் பாடகருமான பிக்பென் இருந்ததைவிட, கீத் இருந்ததைவிட அதிக காலம் இருந்தவர் அவர். ஹாமண்ட் ஆர்கனில் அவர் கீழேயிருந்து எழுப்பிக் கொடுத்தால்தான் கார்சியா மேலே பறந்தார். அடித்தொண்டையிலிருந்து வரும் அந்தக் கரகரத்த குரல் இல்லாவிட்டால் அந்தக் காலத்துக் கோரஸ் பாதி வெறுமையாக இருந்திருக்கும். 1990 ஜூலை 26 அன்று முப்பத்தேழு வயதில் இறந்துபோனார். இன்று கேட்டுப் பாருங்கள். "1990 வசந்த கால டூர்தான் கடைசி உச்சம், பிரெண்ட்டோட எல்லாம் போச்சு" என்பார்கள். இந்தப் பாராட்டை அவர் காதில் விழும்படி சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. அடுத்து வந்தவரை அடிக்க ஒரு கம்பு தேவைப்பட்டபோதுதான் பிரெண்ட் பெரிய ஆளானார்.

அடுத்து வந்தவர் வின்ஸ் வெல்னிக். பிரெண்ட் இறந்து ஆறே வாரத்தில், அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து, அவ்வளவு பெரிய பாட்டுப் பட்டியலையும் அவசர அவசரமாகப் படித்துக்கொண்டு மேடையேறினார். பக்கத்திலேயே புரூஸ் ஹார்ன்ஸ்பி பியானோவில், 1992 வரை. ஆகவே ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு ஒப்பீடு: செத்துப்போன பிரெண்ட்டோடு ஒன்று, பக்கத்தில் இருக்கும் புரூஸோடு ஒன்று. 1998-ல் மிச்சமிருந்தவர்கள் தி அதர் ஒன்ஸ் என்று கூடியபோது வின்ஸுக்கு அழைப்பே இல்லை. 2006-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

டானா ஜீன் காட்ஷோவை இவர்கள் படுத்தியது தனிக்கதை. மஸில் ஷோல்ஸ் ஸ்டூடியோக்களில் தொழில் கற்ற பாடகி. எல்விஸ் பிரெஸ்லிக்கே பின்னணி பாடியவர். டெட் மேடையில், அந்தச் சத்தத்தின் நடுவில், தன் குரல் தனக்கே கேட்காமல் பாட வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவில் ஹெட்ஃபோன் போட்டுப் பாடிப் பழகிய ஒருவருக்கு அது எவ்வளவு கொடுமை என்று யோசிக்கக்கூட ஆள் இல்லை. சுருதி விலகிய நான்கு இடத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஆனால் இவர்கள் கோயில் கட்டிக் கும்பிடுகிற 1977 இருக்கிறதே, அந்த வருடம் முழுக்க மேடையில் டானாவும் இருந்தார்.

அந்த 1977-க்கு வருகிறேன். மே 8, கார்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால். அருமையான கச்சேரி, நானும் தலைவணங்குகிறேன். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2011-க்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அது இத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது எப்படி? பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் அவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்திருந்தார். 1980-களில் அவருடைய டேப்புகள் இருந்த கிடங்குச் சாமான்கள் ஏலத்துக்குப் போய், கை மாறி, பிரதிக்கு மேல் பிரதியாக ரசிகர்களிடம் பரவின. அதிகாரபூர்வமாக வெளிவந்ததே 2017-ல்தான். அதாவது நம் கையில் இருக்கும் '1977' என்பது, நன்றாக வாசித்து, நன்றாகப் பதிவாகி, நல்ல பிரதியாகத் தப்பிப் பிழைத்து, நாற்பது வருடம் ரசிகர்கள் சலித்துச் சலித்து எடுத்து வைத்த சில ராத்திரிகள். சுமாரான ராத்திரியின் டேப்பை யாரும் யாருக்கும் ஆசையாகப் போட்டுக் காட்டுவதில்லை.

டெட் அண்ட் கம்பெனியின் கதி அப்படியா? எங்கோ ஒரு ஊரில், மழைக்கு நடுவில், பாதி உடம்பு சரியில்லாமல் வாசித்த ராத்திரிகூட மறுநாளே எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அதை எடுத்துக் கார்னெலின் பக்கத்தில் வைக்கிறார்கள். கல்யாண ஆல்பத்து முகத்தோடு தூங்கி எழுந்த முகத்தை ஒப்பிட்டு, ஆள் அழகில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

'வேகம் இல்லை' என்ற புகாரை மட்டும் நான் மதிக்கிறேன். டெட் அண்ட் கம்பெனி பல பாட்டுகளை நிதானமாகத்தான் வாசித்தது. சில ராத்திரிகளில் இழுவையாகவே இருந்தது. ஆனால் அதைச் சொல்கிறவர்கள், டெட் பாட்டுகளையே வாசிக்கும் ஜோ ருஸ்ஸோஸ் ஆல்மோஸ்ட் டெட் குழு எவ்வளவு வேகம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பழைய டெட் என்றைக்குமே பாய்ந்துகொண்டிருந்தது போல முடிப்பதுதான் தவறு. 1971 பிப்ரவரியில் இரண்டு டிரம்ஸ்காரர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் விலகியதிலிருந்து 1974 வரை பெரும்பாலும் பில் க்ராய்ட்ஸ்மன் ஒருவர்தான் டிரம்ஸ். குதிரை மாதிரி திரும்புவார்கள். 1976-ல் ஹார்ட்டும் சேர்ந்து மறுபடி டூர் கிளம்பியபோது பாட்டுகள் கனத்தன, வேகம் குறைந்தது. அப்போதும் இதே புலம்பல்தான். அந்த நிதானத்திலிருந்துதான் அடுத்த வருடத்து கார்னெல் வந்தது.

டிரம்ஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஹார்ட் எப்போதும் வெளியாட்களைத் தேடிப் போனவர். 1991-ல் அவர் செய்த 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் நம் விக்கு விநாயக்ராமின் கடம் இருக்கிறது, ஜாகிர் உசேனின் தபலா இருக்கிறது. உலக இசைக்கான கிராமி விருது வாங்கிய ஆல்பம். புதிய கை உள்ளே வந்தால் தாளம் கெட்டுவிடும் என்று அவர் நினைக்கவில்லை. டெட் அண்ட் கம்பெனியில் ஆல்மன் பிரதர்ஸிலிருந்து வந்த ஓடீல் பர்பிரிட்ஜ், பேஸை வைத்துவிட்டு கச்சேரி நடுவில் வரும் டிரம்ஸ் பகுதியில் போய் உட்கார்ந்து தானும் வாசித்தார். ஃபில் லெஷுக்கு அது வழக்கமில்லை. அதனால் குறைந்தா போனோம்? 2023-ல் கடைசி டூருக்கு முன்னால் க்ராய்ட்ஸ்மன் விலகி ஜே லேன் வந்ததும், "யாரோ ஒருத்தன்" என்றார்கள். வியரோடு அவருடைய ராட்டாக் குழுவில் வருடக்கணக்கில் வாசித்தவர் யாரோ ஒருத்தரா?

ஃபில் லெஷைச் சொன்னேன். 1998 டிசம்பரில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எழுந்தவர், அதற்குப் பிறகு 'ஃபில் லெஷ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று வைத்துக்கொண்டு வேண்டுமென்றே ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தார். அதே பாட்டுகள், வேறு வேறு கைகள். 2024 அக்டோபரில் இறக்கும்வரை அவர் செய்தது அதைத்தான். 1965-லிருந்தே பேஸ் வாசித்தவருக்குப் புது லைன்-அப் பிடித்திருந்தது. டேப் சேர்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை!

இதில் என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது வேறு. 1987-ல் 'டச் ஆஃப் கிரே' அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. அந்த ஒரு பாட்டைக் கேட்டு ஆயிரக்கணக்கில் புதியவர்கள் வந்தார்கள். பழைய டெட்ஹெட்டுகள், அதாவது டெட்டின் தீவிர ரசிகர்கள், அவர்களை 'டச்ஹெட்' என்று கேலி செய்தார்கள். இதெல்லாம் அவர்கள் மறக்கக்கூடிய அவமானம் இல்லை. ஆனால் அன்று அந்தக் கேலியை வாங்கியவர்கள்தான் இன்று மூத்தவர்கள், மேயரைப் பார்த்து உள்ளே வந்த பிள்ளைகளிடம் அதே கேலியைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். தங்களுக்கு வலித்தது என்று தெரிந்தும் செய்கிறார்கள். மேயரும் 2011 வாக்கில் பண்டோரா இணைய வானொலியில் ஒரு டெட் பாட்டு தற்செயலாகக் காதில் விழுந்துதான் உள்ளே வந்தார். எந்த வாசல் வழியாக வந்தால் இவர்களுக்குச் சம்மதம்?

ஒப்பிட வேண்டுமென்றால் ஒழுங்காக ஒப்பிடுங்கள். எந்தத் தேதி, எந்த ஊர், எந்தப் பாட்டு, எந்த இடத்தில் கிட்டார் வழுக்கியது என்று சொல்லுங்கள். நான் உட்கார்ந்து கேட்கிறேன், சரியாக இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். வெறுமனே "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். முக்கியமாக, இருபது வயதுப் பிள்ளை ஒன்று 2018 கச்சேரியைக் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்கிவிட்டு 1977-ஐத் திணிக்காதீர்கள். அந்தப் பிள்ளையே போகும். கார்னெலுக்குப் போகும், அங்கிருந்து 1972 ஐரோப்பா டூருக்குப் போகும், பிக்பென் பாடுவதைக் கேட்கும், அப்புறம் திரும்பி வந்து பிரெண்ட்டைக் கேட்கும். எனக்குத் தெரிந்த டெட் ரசிகர்கள் எல்லோரும் அப்படித்தான் ஒவ்வொரு டேப்பாகப் பின்னோக்கிப் போனார்கள். திட்டு வாங்கி யாரும் போகவில்லை.