மாலையைத்தான் ஆற்றில் விடச் சொன்னேன்

பதினெட்டாம் பெருக்கன்று கும்பகோணம் காவிரிப் படித்துறையில் எடுத்த அந்த வீடியோவை உங்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். மூன்று நாளாக எனக்கே அதை அனுப்பிக்கொண்டும் இருக்கிறீர்கள். புதுப்பெண் கையிலிருந்து கல்யாண மாலையைப் பிடுங்கிய பாவி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் கை வைத்தது மாலையில் அல்ல, கவரில். கல்யாணத்தன்று கழற்றிய மாலைகளைப் பெரிய பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்து வந்து, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் தண்ணீரில் போடப் போனார்கள். "மாலையை விடுங்க, கவரை எங்கிட்ட குடுங்க" என்றேன். அவ்வளவுதான்.

சம்பிரதாயத்துக்கு விரோதி என்கிறீர்கள். அன்றைக்கு நானும் காப்பரிசி கலந்துகொண்டு, மாமியார் கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தவள்தான். காவிரிக்கு நாம் படைப்பதை எண்ணிப் பாருங்கள். காப்பரிசியை மீன் தின்றுவிடும். பூ அழுகிவிடும். காதோலை பனையோலை, அதுவும் மட்கும். விளக்கு விடுகிற வாழைமட்டையும் மட்கும். இதில் கவர் எங்கே வந்தது? எந்தப் பாட்டி அதைச் சொல்லிக் கொடுத்தார்?

"ஆத்துல விட்டா போயிடும், உனக்கென்ன" என்று அவர்களோடு வந்த அம்மா கேட்டது வீடியோவில் நன்றாகவே கேட்கிறது. எங்கே போகும்? கும்பகோணத்தில் விட்டது மயிலாடுதுறையைத் தாண்டி மேலையூருக்குப் போகும். பூம்புகாருக்குப் பக்கத்தில், காவிரியின் கடைசிக் கதவணை இருக்கிற ஊர். அதற்கு அருகில்தான் நான் பிறந்த வீடு. நீங்கள் வாழ்கிற ஊரில் போய்விட்டது என்று நினைப்பதெல்லாம் என் அப்பாவின் வாய்க்காலில் வந்து நிற்கிறது.

மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 வந்தால் அப்பா நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார். மேட்டூர் திறந்தாச்சா, கல்லணைக்கு வந்தாச்சா, நமக்கு எப்போ. ஆற்றின் கடைசியில் பாசனம் பெறுகிற கடைமடைக்காரர்களுக்கு வருஷம் முழுக்க இதே பேச்சுதான். ஒரு வருஷம் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை வந்த ராத்திரி வாய்க்காலில் தண்ணீர் ஓடியும் வயலுக்கு ஏறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மதகுக் கண்ணில் ஆகாயத்தாமரையும் கவருமாகப் பின்னிக் கிடந்தது. அப்பா இறங்கிக் கையால் இழுத்தார். ஒரு கவருக்குள் உடைந்த டியூப் லைட்டைப் போட்டு முடிந்திருந்தார்கள். உள்ளங்கையில் ஏழு தையல். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதற்குள் எங்கள் முறை முடிந்துவிட்டது. அந்தக் கவரை யார் போட்டது என்று யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் கவர் கையிலிருக்கும்போதே கேட்டேன்.

சாக்கடை விடுகிறவர்களைக் கேட்க மாட்டாயா என்கிறார்கள். கேட்பேன், நீங்களும் வாருங்கள். பால், எண்ணெய் எல்லாம் கவரில்தானே வருகிறது என்பது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பால் கவரை யாரும் கும்பிட்டு ஆற்றில் விடுவதில்லை.

ஏழை வியாபாரி பிழைப்பில் மண் போடுகிறாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குப் பூ கொடுக்கிற அக்கா முன்பெல்லாம் வாழையிலையில் மடித்து, நாரால் கட்டிக் கொடுப்பார். இப்போது கவர் இல்லையென்றால் வாங்க வருகிறவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள் என்கிறார். அபராதம் போட வந்தால் மாட்டுவது அவர்தான், கவர் கேட்ட நாமல்ல. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக் எந்தத் தடிமனில் இருந்தாலும் தடைதான். "இது 120 மைக்ரான்மா, கெட்டியானது" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், அந்தத் தடிமன் இருந்தால் போதும் என்பது மத்திய அரசு விதியின் கணக்கு, இங்கே செல்லாது. துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பையும் பிளாஸ்டிக்தான், 2019 தடைப்பட்டியலில் சேர்த்ததுதான். இன்றைக்குக் கல்யாண வீடுகளில் தாம்பூலப் பை என்று கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

தாம்பூலப் பை என்றால் எங்கள் வீட்டில் மஞ்சப்பை. மணமக்கள் பெயர் அச்சடித்து, பத்து வருஷம் உழைக்கும். அப்படி ஒன்றில் புத்தகம் வைத்துக்கொண்டுதான் இந்த ஊருக்குக் கல்லூரிக்கு வந்தேன். மூன்று வருஷமும் என் பெயர் "மஞ்சப்பை". பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 2021 டிசம்பரில் அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியபோது, அன்றைக்குச் சிரித்தவர்களில் சிலர் அதைப் பகிர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் இந்த வீடியோவையும் பகிர்ந்திருக்கிறார். வேறு யார் செய்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீடியோ நான் கவரைப் பிடித்த இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் அந்தப் புதுப்பெண்தான் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு மாலையையும் வெளியே எடுத்து, புருஷனும் அவளும் சேர்ந்து படியில் குனிந்து தண்ணீரில் விட்டார்கள். கவரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "சாரிக்கா" என்றாள். எடுத்தவர் போனில் அதுவும் இருக்கும். முழுசாகப் போடச் சொல்லுங்கள்.