அந்த ராத்திரி ஆபிராம் தூங்கிக்கொண்டிருந்தார்

போன மாதம் ஒரு துக்க வீட்டில் கேட்ட வார்த்தை இன்னும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. கணவரை அடக்கம் பண்ணி மூன்று நாள்கூட ஆகாத ஒரு அக்காவிடம், ஜெபிக்க வந்த ஒருவர், "நீங்க இன்னும் கொஞ்சம் உறுதியா விசுவாசிச்சிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா பதில் பேசவில்லை. புது வருஷ ஆராதனையில் கிடைத்த, தேவனுடைய வாக்குத்தத்த வசனம் எழுதின அட்டையை வேதாகமத்திலிருந்து உருவிப் பார்த்தார், அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

இப்படிப் பேசுகிறவர்கள் தயவுசெய்து வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 15-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பின்னாளில் ஆபிரகாம் என்று பெயர் மாற்றப்பட்ட ஆபிராமுக்கு, சந்ததியும் கானான் தேசமும் தருவேன் என்று தேவன் வாக்குக் கொடுத்து உடன்படிக்கை பண்ணுகிற இடம் அது. மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, மூன்றையும் நடுவே பிளந்து எதிரெதிராக வைக்கிறார் ஆபிராம். பறவைகள் அந்த உடல்கள்மேல் இறங்க, அவற்றை விரட்டுகிறார். எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றே சொல்வார்கள். துண்டங்களுக்கு நடுவே நடந்து போகிறவன், சொன்ன சொல்லை மீறினால் எனக்கும் இதே கதி என்று ஒப்புக்கொள்கிறான். எரேமியா 34-ல் எருசலேம் பிரபுக்கள் அப்படி நடந்துவிட்டு, விடுதலை பண்ணின அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள், அதற்கான தீர்ப்பும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் ஆபிராம் நடக்கவே இல்லை! பொழுது சாயும்போது அவருக்கு அயர்ந்த நித்திரை வந்துவிட்டது. இருட்டில் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோயின. அதாவது, மொத்த ஆணையையும் தேவன் தம்முடைய தலைமேலேயே போட்டுக்கொண்டார்.

சரி, அதற்கப்புறமாவது அவர் அசையாமல் நின்றாரா? அடுத்த அதிகாரத்திலேயே மனைவி சாராளின் அடிமைப்பெண் ஆகார் மூலம் பிள்ளை பெற்றுக்கொண்டார். 99 வயதில், சாராளுக்கு மகன் பிறப்பான் என்ற வாக்குத்தத்தத்தைக் கேட்டு முகங்குப்புற விழுந்து சிரித்தார். எகிப்தில் மனைவியைச் சகோதரி என்று சொன்னவர், கேராரிலும் அதையே சொன்னார். அப்படியும் 100 வயதில் ஈசாக்கு பிறந்தான், அந்தப் பெயருக்குள்ளேயே சிரிப்பு இருக்கிறது. சிலருடைய அவிசுவாசம் தேவனுடைய உண்மையை வீணாக்குமோ என்று அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதின கடிதத்தின் 3-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார், கேட்ட கையோடு அப்படியல்ல என்கிறார்.

அப்படியானால் இஷ்டப்படி வாழலாமா என்று கேட்பீர்கள். கூடாது, அந்தக் கேள்விக்கும் அதே அதிகாரத்தில் பவுல் இடம் கொடுக்கவில்லை. நாம் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கானான் முழுவதும் வாக்குப் பெற்ற ஆபிரகாம், சாராளை அடக்கம் பண்ண 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையை வாங்க வேண்டியிருந்தது. அவர் அங்கே அழுதார் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிறது, அந்த அழுகையை அவிசுவாசம் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை.

மறுநாள் போய் அந்த 15-ஆம் அதிகாரத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிகிற வரைக்கும் பேசாமல் கேட்டவர், "அப்போ ஆபிராம் தூங்கிட்டாரா?" என்றார்.

"ஆமாக்கா."

"நானும் நேத்து ராத்திரிதான் கொஞ்சம் கண்ணசந்தேன்" என்றார்.