கேட்டுச் சென்றவர்கள் திரும்பி வந்து சொல்ல வேண்டும்

உதவித் திட்டம் நடக்கும் இடங்களில் மக்களிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு அளவே இல்லை. வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு, நிவாரணப் பொருள் கைக்கு வந்ததா, திருப்திதானா? வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்கள் அட்டவணையாகி, அறிக்கையாகி, நிதி கொடுத்தவரின் மேசைக்குப் போகின்றன. பதில் சொன்னவர்களிடம் மட்டும் யாரும் திரும்பி வருவதில்லை. இந்தத் துறையில் எனக்கு இருக்கும் பெரிய கோபம் இதுதான்.

கண்காணிப்பு, மதிப்பீடு, பொறுப்புக்கூறல், கற்றல் என்று நான்கையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். முதல் இரண்டுக்கு ஆளும் பணமும் ஒதுக்கப்படுகின்றன. மற்ற இரண்டும் பெரும்பாலும் மிச்சமிருக்கும் நேரத்துக்கும் பணத்துக்கும் காத்திருக்கின்றன.

வங்காளதேசத்தின் குழாய்க் கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அசுத்தமான குளத்து நீரால் வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 1970களில் அரசும் யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. பிறகு மக்களே சொந்தச் செலவில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். கிணறுகளை எண்ணிப் பார்த்தால் மாபெரும் வெற்றி. ஆனால் நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது அன்றைய வழக்கமான சோதனைகளில் இல்லை. 1993இல் அது உறுதிப்பட்டபோது, கோடிக்கணக்கானவர்கள் பல ஆண்டுகளாக அந்த நீரைக் குடித்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000ஆம் ஆண்டு வந்த கட்டுரை, ஒரு மக்கள்தொகைக்கு வரலாற்றில் நேர்ந்த மிகப் பெரிய நச்சுப் பாதிப்பு இது என்றது.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின் நடந்தது. லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, ஆபத்தான குழாய்களுக்குச் சிவப்பு, குடிக்கத்தக்கவற்றுக்குப் பச்சை என்று வண்ணம் பூசினார்கள். ஆய்வின் முடிவு, தண்ணீர் பிடிக்க வரும் பெண்ணின் கண்ணுக்கு நேரே இருந்தது. எழுத்தறியாதவருக்கும் புரிந்தது. பல குடும்பங்கள் அக்கம்பக்கத்துப் பச்சைக் குழாய்க்கு மாறின. பச்சைக் குழாயே அருகில் இல்லாத ஊர்களும் இருந்தன, வண்ணம் மங்கியது, சோதிக்கப்படாத புதுக் கிணறுகள் பெருகின. அந்தக் குறைகளையெல்லாம் தாண்டியும், தகவலை உரியவரிடமே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 இறுதியில் தொடங்கிய மக்கள் விசாரணைகளும் இதே வகைதான். அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலையும் ரசீதுகளையும் ஊர் கூடியிருக்க உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயர்களும் இறந்தவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தது அப்போதுதான் அம்பலமானது. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் எவ்வளவு திறமைசாலியானாலும், யார் உயிரோடு இருக்கிறார் என்பது ஊருக்குத்தானே தெரியும்? 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டம் வழி திறந்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் பணிகளின் கணக்கை ஊரே சரிபார்க்கும் கிராம சபையின் சமூகத் தணிக்கையும் இடம்பெற்றது.

புகார்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஒரு புகாரும் வரவில்லை" என்பதைச் சாதனையாக எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. நிவாரணப் பட்டியலில் பெயர் எழுதுபவர் மீதே புகார் என்றால், அவருடைய அலுவலகச் சுவரில் தொங்கும் பெட்டியில் யார் போடுவார்கள்? அடுத்த மாதம் பெயர் வெட்டப்படும் என்ற பயம் இருக்காதா? முகாமில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற, ஸ்ஃபியர் எனப்படும் சர்வதேச நிவாரணத் தரநிலைகளின் அளவு எட்டப்பட்டிருக்கலாம். விளக்கும் உள்தாழ்ப்பாளும் இல்லாததால் இரவில் பெண்கள் அங்கே போவதில்லை என்பதை அந்த எண் சொல்லாது. பெண்களிடம் தனியாக உட்கார்ந்து, அவர்கள் நம்பும் ஒரு பெண் கேட்டால்தான் அது வெளியே வரும்.

நேரமில்லை என்பார்கள். பேரிடரின் முதல் நாட்களில் அதை ஏற்கிறேன். அப்போது கேள்விகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் நடக்கும் திட்டத்துக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. திரும்பிப் போவதற்கான செலவைத் தொடக்கத்திலேயே வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுங்கள். வன்முறை, நோய் போன்ற தனிப்பட்ட தகவல்களை நீக்கிவிட்டு, வரைவு அறிக்கையை அந்த மக்களின் மொழியில் அவர்கள் முன் படியுங்கள். "இது அப்படி நடக்கவில்லை" என்று அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பையும் அறிக்கையில் சேர்த்து அனுப்புங்கள். நிதி தருபவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இதை யாருக்குப் படித்துக் காட்டினீர்கள் என்று கேட்காமல் எந்த இறுதி அறிக்கையையும் ஏற்காதீர்கள்.