மழை ஊரில் படகு எதற்கு என்று கேட்டவர்களுக்கு

என் படகுக்குள் மழைநீர் தேங்கி நிற்கும் அந்தப் படம் நம் தமிழர் குழுவின் வழியே இதற்குள் உங்களில் பெரும்பாலானோரின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கும். "நீச்சல் தடாகம் விற்பனைக்கு" என்ற வாசகத்தையும் அதன் கீழே வரிசைகட்டிய சிரிப்புக் குறிகளையும் நானும் பார்த்தேன். பகிடி விளங்காதவன் அல்லன் நான். ஆனால், நோர்வேயின் இந்த பேர்கன் நகரில் படகு வைத்திருப்பது காசைக் கடலில் கொட்டும் வேலை என்று சிலர் அங்கேயே தீர்ப்பும் எழுதிவிட்டதால், பேசாமல் இருந்தால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் நீர். பத்துச் சதுர மீற்றர் திறந்த பரப்புள்ள சிறு படகுக்குள் 50 மில்லிமீற்றர் கொட்டிய நாளில் அரைத் தொன் நீர் சேரும். நான் இரவு வேலையில் இருந்தபோது தானியங்கிப் பம்பின் மிதவைச் சுவிச்சில் ஓர் இலை சிக்கிக்கொண்டது; நடந்தது அவ்வளவுதான். படம் எடுத்தவர் போனபின் வாளியோடு இறங்கி நானே இறைத்து முடித்தேன். அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

இந்த ஊரில் மழை இல்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா? ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. 2006 ஒக்டோபர் 29இல் பிடித்த மழை 2007 ஜனவரி 21 வரை 85 நாட்கள் ஒரு நாளும் விடாமல் பெய்தது. ஆனால் கடலுக்குப் போகலாமா என்பதை மழை தீர்மானிப்பதில்லை, காற்றுத்தான் தீர்மானிக்கிறது. இங்கு தூறிக்கொண்டிருக்கும் பல மாலைகளில் தீவுகளுக்கு இடையிலான நீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அடங்கிக் கிடக்கும். நீங்கள் ஆசைப்படும் வெயில் நாளிலோ, கோடைப் பிற்பகலில் வடகாற்று எழும்பி, வெளிக்கடற்பக்கம் தலைகாட்ட முடியாமல் செய்துவிடும். மழையைப் பார்த்துக் கடலைக் கணிப்பவர் கரையில் நின்றே கணிக்கிறார்.

இதே குழுவில் ஒரு தம்பி, படகின் ஆண்டுச் செலவை வெயில் நாட்களால் வகுத்து, ஒரு நாளுக்கு இத்தனை குரோனர் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். வகுத்தல் சரி, வகுத்த எண்தான் பிழை. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பதினொரு மணியாகிறது. நான்கு மணிக்கு வேலை முடித்து வருபவனுக்கு அதற்குப் பிறகும் ஒரு முழுப் பகல் கிடக்கிறது. மழை அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கினால் அந்தப் பகல் அவனுடையது. வெயில் நாட்களை மட்டும் எண்ணுகிறவர் படகு வாங்க வேண்டாம் என்று நானே சொல்வேன். அவர் இந்த ஊரில் ஈருருளியும் வாங்க வேண்டாம்.

"வாடகைக்கு எடுக்கலாமே" என்கிறார்கள். எடுக்கலாம், முன்பதிவு செய்த நாளில் காற்று அடங்கியிருந்தால். "ஆபத்தல்லவா" என்கிறார்கள். எட்டு மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும் என்று 2015இலிருந்து சட்டமே இருக்கிறது. என் படகில் அங்கி அணியாமல் ஒருவரும் ஏறியதில்லை. செலவு அதிகம் என்பவர்களுக்கு: ஆம், அதிகம். தரிப்பிடக் கட்டணம், காப்புறுதி, அடிப்பூச்சு, எஞ்சின் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் என் சம்பளத்திலிருந்துதான் போகிறது, உங்களுடையதிலிருந்து அல்ல.

இந்த மழையோடு இந்த மண்ணின் ஆட்கள் எப்படிப் படகு வைத்திருந்தார்கள் என்று ஒருவராவது யோசித்தீர்களா? பேர்கனுக்குத் தெற்கே ஊஸ் பகுதியில் பலகைமேல் பலகை ஏற்றிக் கட்டும் ஊசெல்வார் படகு இந்த மழைக்குள் பிறந்து வளர்ந்ததுதான். அவ்வகைப் படகுகளைக் கட்டும் நோர்டிக் மரபை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. உப்புநீர் மரத்தைக் காக்கும், மேலிருந்து விழும் நன்னீர்தான் மரத்தை உக்கவைக்கும் என்பது இங்குள்ள கிழவர்களுக்குத் தெரியும். அதற்காக அவர்கள் படகை விற்றுவிட்டு வீட்டில் இருக்கவில்லை. மூடிக் கட்டினார்கள், இறைத்தார்கள், போனார்கள்.

என் அப்பா எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து, வடக்கே பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் கொட் மீனை வெட்டியவர். கண்ணாடிக்கு அப்பால் கடல் இருந்தது. கைக்கு முன்னால் கத்தி இருந்தது. அத்தனை ஆண்டுகளில் விருப்பத்துக்காக ஒரு படகில் அவர் ஏறியதில்லை. இப்போது கம்பளித் தொப்பியும் மழை அங்கியுமாக என் படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியில் வழியும் மழையைத் துடைக்கக்கூட மறந்து, ஐந்து தூண்டில் கட்டிய நூலை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். ஒரே இழுப்பில் மூன்று மக்கரல் மீன் வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். இதை எந்த எண்ணால் வகுப்பது, தம்பி?

உண்மையில் எனக்கு வலித்தது நீச்சல் தடாகப் பகிடி அன்று. பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபமும் குதிரை வண்டியும் எடுத்தவரிடம் இது இலாபமா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் வாங்கிய மூன்றாவது வீட்டுக்கு வாழ்த்து மழை பொழிந்தீர்கள். ஒருவன் மாலையில் கடலுக்குப் போய்வர ஒரு பழைய படகு வாங்கினால் மட்டும் ஊரே கணக்காய்வாளராகிவிடுகிறது. நாங்கள் இங்கே உழைப்பதற்கு வந்தவர்களாம், ஓய்வெல்லாம் வெள்ளைக்காரருக்காம். "ஊரில் ஒரு காணி வாங்கியிருக்கலாமே" என்று எழுதிய அண்ணர், போன ஆவணியில் இரண்டு பை மக்கரல் வாங்கிச் சென்றபோது அதைச் சொல்லியிருக்கலாம். அந்த மீனும் மழையில் பிடித்ததுதான்.

படகுக்கு விலை கேட்டு உட்பெட்டிக்கு வந்தவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன்: விற்பதற்கில்லை. குளிர் இறுகும் முன் கரையேற்றி, பனி தேங்காதபடி கூரைத்துணியைச் சரிவாக இழுத்துக் கட்டிவிடுவேன். சித்திரையில் அடியைச் சுரண்டிப் பூச்சுப் பூச வேண்டும். அடுத்த கோடைக்கு மக்கரல் வேண்டுமென்பவர்கள் அன்று பழைய உடுப்போடு வந்து ஒரு தூரிகையைப் பிடிக்கலாம். அன்றும் மழைதான் பெய்யும்.