சொறியும் நாய்க்கு எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நிறுத்துவது என்று கேளுங்கள்

நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் "எங்க நாய் ராத்திரி பகலா சொறிஞ்சுக்கிட்டே இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிடமே யோசனைகள் கொட்டும். சாப்பாட்டில் மஞ்சள் தூள் போடுங்க. ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊத்துங்க. தயிர் குளிர்ச்சி, தினமும் வைங்க. பாக்கெட் தீனியைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டிலேயே கோழி வேக வெச்சுக் கொடுங்க, எல்லாம் சரியாப் போயிடும். எல்லாருமே எதையாவது சேர்க்கத்தான் சொல்வார்கள். "இப்போ என்னென்ன சாப்பிடுது?" என்று கேட்கிற ஆள் அபூர்வம்.

எனக்கு இதில் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. தோல் அரிப்புள்ள நாய்க்கு வீட்டில் சமைப்பது ரொம்ப நல்ல விஷயம், காரணத்தைக் கண்டுபிடிக்கச் சமைக்கிறோம் என்றால். "வீட்டுச் சாப்பாடு" என்பதாலேயே அரிப்பு போய்விடும் என்று நம்பிச் சமைத்தால் கேஸ் சிலிண்டர்தான் காலியாகும்.

நம் ஊரில் ஒரு வீட்டு நாய் என்ன சாப்பிடுகிறது என்று பாருங்கள். காலையில் பால். டீ நேரத்தில் இரண்டு பிஸ்கட். மதியம் தயிர் சாதம். ராத்திரி கறிக்கடையில் வாங்கி வந்த கோழிக் கழுத்தும் காலும் போட்டு வேகவைத்த சோறு. இப்போது இதைக் கேளுங்கள். உணவு அலர்ஜி உறுதியான 297 நாய்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் மாட்டிறைச்சிக்கு அலர்ஜி காட்டியவை 34 சதவீதம், பால் பொருட்களுக்கு 17, கோழிக்கு 15, கோதுமைக்கு 13. நாம் பாசத்தோடு தட்டில் வைக்கும் பாலும் தயிரும் கோழியும் பிஸ்கட்டும் அந்த முதல் நாலில் மூன்று இடங்களைப் பிடித்துவிடுகின்றன. அரிசிக்கு வெறும் 2 சதவீதம்தான். ஆனால் திட்டு வாங்குவது என்னவோ சோறு! "சோறு போடறதாலதான் சொறி வருது" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"இத்தனை வருஷமா கோழிதான் சாப்பிட்டுது, அப்போல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்து வரும் கேள்வி. அலர்ஜி அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு புரதத்தை உடம்பு திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று முடிவு செய்துகொள்கிறது. பல வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்ட பொருளுக்குத்தான் சந்தேகம் அதிகம் விழ வேண்டும். போன வாரம் மாற்றிய புது பாக்கெட்மேல் பழி போடுவதில் பெரும்பாலும் பயனில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். சொறிகிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரச்சினை சாப்பாடே கிடையாது. தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூச்சியின் எச்சிலுக்கு அலர்ஜியுள்ள நாய்க்கு ஓரிரண்டு கடியே போதும், வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டும் அளவுக்குக் கடித்துக்கொள்ளும். காது ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டியிருந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம், அது வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்பைக் கொடுக்கும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் விரல் இடுக்கில் ஈஸ்ட் வளர்ந்து புளித்த வாடை அடிக்கும், நக்கி நக்கி வெள்ளை முடி செம்பட்டையாகிவிடும். அப்புறம் தூசிப் பூச்சி, மகரந்தம், பூஞ்சை என்று காற்றில் வருகிற அலர்ஜிகள் தனி. டாக்டர் தோலைச் சுரண்டி, டேப் ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இதில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். அதைச் செய்யாமல் வருகிறபோதெல்லாம் ஸ்டீராய்டு ஊசி மட்டும் போட்டு அனுப்புகிற இடங்களும் உண்டு. நாலு நாள் நாய் சுகமாகத் தூங்கும். ஐந்தாம் நாள் பழைய கதை.

ரத்தத்தையோ எச்சிலையோ முடியையோ அனுப்பினால் எந்த உணவு ஆகாது என்று பட்டியல் போட்டுத் தருகிறோம் என்ற விளம்பரங்களையும் பார்த்திருப்பீர்கள். உணவு அலர்ஜி விஷயத்தில் அவை நம்பத் தகுந்தவை அல்ல என்பதில் தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகிறார்கள். நம்பகமான சோதனை இன்றைக்கும் நாயின் சாப்பாட்டுத் தட்டில்தான் நடக்கிறது. இதுவரை நாய் வாயில் வைக்காத ஒரு இறைச்சி அல்லது மீன், அதோடு ஒரே ஒரு மாவுப் பொருள். எட்டு வாரம். வேறு எதுவும் கிடையாது. உணவு அலர்ஜியுள்ள நாய்கள் என்றால் ஐந்து வாரத்தில் பத்தில் எட்டுக்கு முன்னேற்றம் தெரிந்துவிடுகிறது, எட்டு வாரத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல். இரண்டு வாரம் பார்த்துவிட்டு "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று விட்டுவிடுபவர்கள் சோதனையையே நடத்தவில்லை என்றுதான் சொல்வேன்.

"வாயில் வைக்காத" என்பது வீட்டுக்கு வீடு மாறும். அசைவமே நுழையாத வீட்டில் வளர்ந்த நாய்க்கு ஆட்டுக்கறி புதுசு. தினமும் மாட்டுக்கறி சாப்பிட்ட நாய்க்குப் பன்றிக்கறி புதுசு. கோழியைச் சந்தேகப்பட்டால் காடையும் வாத்தும் சரியான மாற்றாகாது, பறவை இனங்களின் புரதம் ஒன்றுக்கொன்று நெருக்கம்.

எங்கள் பப்லு லேப்ரடார். கால் விரல்களை நக்குவது, காதைத் தரையில் தேய்ப்பது, அடிவயிறு சிவப்பது என்று வருஷம் முழுக்க இருந்தது. பூச்சிக்கும் ஈஸ்டுக்கும் வைத்தியம் பார்த்து முடித்த பிறகும் பாதி அரிப்பு மிச்சம் இருந்ததால், டாக்டரிடம் பேசி மத்தி மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் என்று முடிவு செய்தோம். ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு இருபத்தெட்டு கிலோ நாய்க்கு மத்திதான் கட்டுபடியாகும். தலையையும் குடலையும் நீக்கிவிட்டு, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல், குக்கரில் நன்றாகவே வேக வைக்க வேண்டும். நடுமுள்ளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் மாவாக வேண்டும். ஆகவில்லை என்றால் மறுபடி அடுப்பில். அப்படி வெந்த முள் தொண்டையில் குத்தாது, சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கிழங்கைத் தனியாக வேகவைத்துத் தோலுரித்து, மீன் வெந்த தண்ணீரையும் விட்டுப் பிசைவேன். வீடு முழுக்க மீன் வாடை. மாடி வீட்டுக்காரர் "என்ன சார், டெய்லி மீன் குழம்பா?" என்று கேட்டுவிட்டார்.

சமையல் சுலபம். வீட்டில் உள்ள மனிதர்களைக் கட்டுப்படுத்துவதுதான் கஷ்டம். அம்மாவுக்குத் தன் தட்டில் இருந்து கடைசிக் கவளம் தயிர் சாதத்தை அவனுக்கு உருட்டிப் போடாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. "ஒரே ஒரு உருண்டைடா, பாவம், வாயையே பாத்துக்கிட்டு இருக்கான்" என்பார். வாட்ச்மேன் அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். வால்குழைத்துப் போய் நின்றால் கிடைக்கும் என்று பப்லுவுக்கும் தெரியும். குடற்புழு மாத்திரையில்கூட கோழிச் சுவை சேர்த்திருப்பார்கள், பல் தேய்க்கும் பேஸ்ட்டில் சேர்த்திருப்பார்கள். ஆட்டிறைச்சி என்று முன்பக்கம் பெரிதாகப் போட்ட தீனிப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் கோழிக் கொழுப்பு, கோழித் தூள் என்று இருக்கும். படித்துப் பாருங்கள், பொழுதும் போகும். நாம் பாசமாகக் கொடுக்கும் ஒரு துண்டு பிஸ்கட் எட்டு வாரச் சோதனையைக் குழப்பிவிடும் என்பதை வீட்டில் எல்லாருக்கும், வேலைக்கு வருகிற அக்கா உட்பட, உட்காரவைத்துச் சொல்லியாக வேண்டும். நான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதியே ஒட்டினேன். அம்மா அந்தத் தாளுக்கு மேலேயே பால் கணக்கை எழுதினார், அது வேறு விஷயம்.

பப்லுவின் அரிப்பு முழுசாகப் போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது. காதுச் சிவப்பு போனது. முன்பு ஒரு நாளில் பல தடவை வெளிக்குப் போவான், அது பாதியானது. இந்தக் கட்டத்தில் எல்லாரும் "அப்பாடா" என்று நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். குறைந்தது மீனாலா, நடுவில் போட்ட மருந்தாலா, மழைக்காலம் போனதாலா, எப்படித் தெரியும்? பழைய பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பொருள், இரண்டு வாரம் வரை, நாயின்மேல் கண் வைத்தபடி. நாங்கள் கோழியைக் கொடுத்தபோது ஓரிரு நாளிலேயே விரல்களை நக்க ஆரம்பித்தான், அடிவயிறு பழையபடி சிவந்தது. நிறுத்தினோம், அடங்கியது. தயிரைக் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை! அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தைச் செய்யாமல் விட்டிருந்தால் ஒரு பாவமும் செய்யாத தயிரை அவன் ஆயுசுக்கும் இழந்திருப்பான். மிச்சம் இருக்கும் கொஞ்சம் அரிப்பு தூசியால் வருவது என்கிறார் டாக்டர், அதற்கு மருந்து தனி.

இனி, "சோதனைதான் முடிந்ததே, இதையே ஆயுசுக்கும் சமைத்துப் போடலாமே" என்பவர்களுக்கு. போடலாம். ஆனால் கணக்குப் பார்க்காமல் போடக் கூடாது. இருபது கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் கலோரி வேண்டும். கால் கிலோ எலும்பில்லாத கோழியும் ஒரு பெரிய தட்டுச் சோறும் சேர்ந்தால் அது கிடைத்துவிடும், நாயும் வயிறு நிறைந்து படுத்துக்கொள்ளும். கால்சியம்? அமெரிக்காவில் தீனிக்கு வைத்திருக்கும் அளவுப்படி ஆயிரம் கலோரிக்குக் குறைந்தது 1,250 மில்லிகிராம் இருக்க வேண்டும். நம் தட்டில் நூறுகூடத் தேறாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் இல்லை என்றால் உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். உள்ளே நடப்பதால் வெளியே தெரிய நாளாகும். துத்தநாகம், வைட்டமின் ஈ, வைட்டமின் டி, அயோடின், தாமிரம் இவையெல்லாமும் இப்படித்தான் பற்றாக்குறையாக நிற்கும். துத்தநாகம் குறைந்தால் தோலில் பொருக்குத் தட்டும். அதாவது தோலுக்காக ஆரம்பித்த சமையலே தோலைக் கெடுக்கும்.

இதைச் சொன்னால் நான் ஏதோ தீனிக் கம்பெனிக்கு ஆள் பிடிப்பதாக நினைக்கிறார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைவு. பலவற்றை எழுதியவர்களே கால்நடை மருத்துவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால் வாட்ஸாப்பில் வரும் "பூசணி, கேரட், கோழி" குறிப்பைப் பற்றி என்ன சொல்ல.

"நம்ம தாத்தா காலத்து நாய் சோறும் குழம்பும் தின்னுதானே இருந்தது?" இருந்தது. ஊர் சுற்றி எலி பிடித்தது, எலும்பு கடித்தது, ஆட்டுத்தொட்டிப் பக்கம் போய் வந்தது. நாம் போட்ட சோறு அதன் சாப்பாட்டில் ஒரு பகுதி. எத்தனை வயதில் செத்தது, எதனால் செத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது மாடியில் கதவுக்குள் இருக்கும் பப்லுவுக்கு நான் போடுவதுதான் முழுச் சாப்பாடு.

சோற்றைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை. தானியமே இல்லாத தீனிதான் தோலுக்கு நல்லது என்று ஒரு நாகரிகம் ஓடுகிறது. நாய்கள் மனிதரோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகியவை. அதற்கான மரபணுக்கள் ஓநாயைவிட நாயிடம் அதிகம் என்று 2013இலேயே காட்டியிருக்கிறார்கள். பருப்பு, பட்டாணி நிறைந்த தானியமில்லாத தீனிகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. முடிவான விடை வரவில்லை என்றாலும், சோற்றைக் கண்டு ஓட வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம்.

குழம்பு பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு சிராய் சிராயாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டில் உப்பு.

மத்தி எத்தனை, கிழங்கு எத்தனை, கால்சியத்துக்கு முட்டை ஓட்டுப் பொடி எத்தனை ஸ்பூன் என்று கமெண்டில் கேட்பீர்கள் என்று தெரியும். தரமாட்டேன். உங்கள் நாயின் எடை வேறு, வயது வேறு, இதுவரை தின்றது வேறு. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டி என்றால் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும், குறைந்தாலும் கோணும், அதற்கு டாக்டர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள்: நாய் பிறந்ததிலிருந்து என்னென்ன தின்றது என்று, பிஸ்கட், மாத்திரை, வாட்ச்மேன் கொடுத்தது எல்லாம் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, வேறு ஊர் என்றால் பக்கத்தில் தோல் வைத்தியம் நன்றாகத் தெரிந்த டாக்டரிடமோ அந்தத் தாளோடு போங்கள். வேப்பேரிக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிடுவது நல்லது.