எஃப்சி எடுத்த வண்டியாம்!

"எஃப்சி புதுசா எடுத்த வண்டி சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." (எஃப்சி என்றால் வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தரும் சான்றிதழ்.) பழைய வேன் விற்கிற எல்லாருக்கும் இந்த வசனத்தை யார்தான் எழுதிக் கொடுக்கிறார்களோ! வாங்கிய பிறகு கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டவும் வேண்டும். ஹெட்லைட் அந்த லட்சணம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கைதான் வலிக்கிறது, வண்டி நிற்பதில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கர இணைப்பான பால் ஜாயின்ட் கடகடவென்று பேசுகிறது. குனிந்து அடியில் பார்த்தேன். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பு பெயின்ட். விரலால் அழுத்தினால் பக்கோடா மாதிரி நொறுங்குகிறது. இதற்குப் பெயர் தகுதிச் சான்றிதழ்!

வாடகை வண்டி 8 வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்சி. சரி, நல்ல விதிதான். நடப்பது என்ன? பட்டி பார்த்து பெயின்ட் அடி, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டு, முதலுதவிப் பெட்டி வை, நல்ல டயராக நாலு இரவல் வாங்கி மாட்டு. காட்டி முடித்ததும் டயர் வீடு திரும்பிவிடும். (அந்த நாலு டயர் ஊரில் எத்தனை வண்டிகளைக் கரையேற்றியதோ!) எனக்கு வந்து சேர்ந்தது மொட்டை டயர். போலீஸ் மறித்தால் சான்றிதழைக் காட்டலாம். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் யாரிடம் காட்டுவது?